படிக்க வைக்கும் கட்டுரை

பள்ளியாசிரியர்க்கு ஒரு வசதி உண்டு. மணி அடித்ததும் மாணவர்கள் வந்து அமர்வார்கள். அடுத்த மணி அடிக்கும் வரையில் எழுந்து போக மாட்டார்கள். பாடம் சுவைத்தாலும் சுவைக்காவிட்டாலும் முக்கால் மணி நேரம் நம் எதிரில் இருந்தே ஆகவேண்டும். கட்டுரை எழுதுவோர்க்கு இந்த வசதி கிடையாது. அவருடைய மாணவர் கண்ணுக்குத் தெரியாதவர். எந்த வரியிலும் எழுந்து போகும் உரிமை உடையவர். போகும்போது சொல்லிக்கொண்டு போகவும் மாட்டார். இப்பொழுது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கும் அந்த உரிமை உண்டு. வானொலிப் பெட்டியின் குமிழைச் சற்றே திருப்பினால் என் குரல் நின்றுவிடும். அச்சிட்ட தாளாயின் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கைப்பேசியில் படிப்பவர்க்கோ கட்டைவிரலை ஒருமுறை மேலே தள்ளினால் வேலை முடிந்தது.

இவ்வளவு உரிமையுள்ள ஒருவரை எப்படி அழைப்பது? அழைத்தவரை இறுதி வரியளவும் எப்படி உடன் கொண்டு செல்வது? இவ்விரண்டு கேள்விகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதைப் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்ற பிறகு, தாம் எழுதியவற்றைத் திருத்தித் தரும்படி பலர் என்னிடம் வருகிறார்கள். கிணறு வெட்டும் தொழிலில் நாற்பது ஆண்டு உழைத்தவர் ஒருவர். பிள்ளைப்பேற்று மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர் ஒருவர். நெசவுத் தறியோடு வாழ்நாளைக் கழித்தவர் ஒருவர். இவர்கள் அறிந்தவற்றுள் பல, புத்தகங்களில் காணக் கிடைக்காதவை. ஆனால் எழுதுகோலை எடுத்ததும் அறிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறார்கள். படிப்பவர் மூன்றாம் வரியில் போய்விடுகிறார். மறுபுறம், கூட்டம் சேர்க்கும் வித்தையை நன்கு கற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதற்குப் பொருள் இல்லை. அறிந்தவர் எழுதுவது படிக்கப்படாமலும், படிக்கப்படுவதில் அறிவு இல்லாமலும் போனால் இழப்பு எழுதுபவர்க்கு மட்டுமன்று. அந்தப் பெரியவர்கள் மறையும்போது அவர்கள் அறிந்ததும் சேர்ந்து மறைந்துவிடும்.

முதலில் ஈர்ப்பதைப் பற்றிப் பார்ப்போம். இதற்கு நம் மொழியிலேயே தக்க எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஆனந்த விகடன் வார இதழில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 84. சீவக சிந்தாமணியும் பத்துப்பாட்டும் புறநானூறும் ஓலைச் சுவடியிலிருந்து அச்சேற உழைத்த பேரறிஞர் அவர். விகடன் வாசகர்களோ சிறுகதைக்கும் நகைச்சுவைத் துணுக்குக்கும் பழகியவர்கள். அந்த வாசகர்களுக்காக அந்தப் பெரியவர் எழுதிய ‘என் சரித்திரம்’ 1942 வரையில் 122 அத்தியாயங்கள் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றது. 1950-இல் நூலாக வந்தது. இன்றும் விரும்பிப் படிக்கப்படுகிறது.

தம் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிறந்த ஆண்டையும் பெற்றோர் பெயரையும் சொல்லித் தொடங்குவர். ஐயரவர்கள் வெற்றிலை பாக்கிலிருந்து தொடங்குகிறார். தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர் பரிவாரத்துடன் பயணம் செய்யும்போது ஓரிடத்தில் தங்குகிறார். உணவுக்குப் பிறகு தாம்பூலம் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகே அன்று ஏகாதசி என்பது தெரிகிறது. ஏகாதசியில் தாம்பூலம் தரிப்பது அவர் காத்துவந்த விரதத்திற்கு மாறானது. அரசர் கலங்கிப் பரிகாரம் கேட்கிறார். பெரியோர் சொன்னபடி அவ்விடத்தில் ஓர் அக்கிரகாரம் அமைத்து வீடும் நிலமும் தானம் செய்கிறார். அந்தத் தானத்தால் உண்டான ஊரே உத்தமதானபுரம். அதுதான் ஐயரவர்களுடைய சொந்த ஊர்.

இந்தத் தொடக்கம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஒரு வெற்றிலைச் சுருள் என்பது யாரும் அறிந்த சிறிய பொருள். அதை நினைத்துப் பார்க்க எந்த முயற்சியும் வேண்டியதில்லை. விரதம் தவறியது என்றவுடன், அரசர் என்ன செய்தார் என்னும் கேள்வி படிப்பவர் மனத்தில் தானாகவே பிறக்கிறது. அந்தக் கேள்விக்குரிய விடை, ஆசிரியர் சொல்ல வந்த செய்தியாகவே இருக்கிறது. இதில் மூன்றாவதுதான் முக்கியமானது. வெற்றிலைக் கதையைக் காட்டி அழைத்துவிட்டு ஆசிரியர் வேறெங்கோ போய்விடவில்லை. கதை முடிந்த இடத்தில் அவருடைய ஊர் நிற்கிறது. நாம் அந்த ஊருக்குள் போய்விட்டோம்.

தூண்டிலில் புழுவைக் கோப்பதற்கும் விருந்தினர்க்கு முதலில் தண்ணீர் கொடுப்பதற்கும் வேற்றுமை உண்டு அன்றோ? புழு மீனுக்கு உணவாகும் நோக்கத்தோடு கோக்கப்படுவதன்று. தண்ணீரோ விருந்தின் முதற்பகுதியே ஆகும். நல்ல தொடக்கம் விருந்தில் வைக்கும் தண்ணீரைப் போன்றது.

இனி நிறுத்துவதைப் பற்றிப் பார்ப்போம். அழைப்பதைக் காட்டிலும் இது அரிய வேலை. அதே நூலில் இன்னோர் இடம் இதற்கு வழி காட்டும். 1880-இல் ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் வியப்பே இல்லை. இவ்வளவு படித்தும் என்ன பயன் என்று கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வியையே ஐயரவர்கள் ஓர் அத்தியாயத்திற்குத் தலைப்பாக வைத்தார்.

பட்டியல் நீள நீள, இத்தனை நூல் கற்றவரை இந்த மனிதர் ஏன் மதிக்கவில்லை என்று நாம் கேட்கத் தொடங்குகிறோம். அந்தக் கேள்வி முற்றிய நிலையில்தான் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்கள் முதலியார் வாயிலிருந்து வருகின்றன. அவற்றைத் தேடினாலும் அந்நாளில் படிக்கக் கிடைப்பதில்லை. பின்னர் முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் பாடம் சொல்லக் கேட்கிறார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவருவதற்கு அந்தச் சந்திப்பே வித்து. பழைய நூல்கள் மறைந்துகிடந்த நிலையை ஒரு நீண்ட விளக்கவுரையாகவும் ஐயரவர்கள் எழுதியிருக்கக் கூடும். அவர் அதை நம் மனத்தில் எழும் கேள்விக்கு விடையாகத் தந்தார்.

நிறுத்துவதன் இரகசியம் இதுவே என்பது என் கருத்து. ஒவ்வொரு பத்தியும் படிப்பவர் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அடுத்த பத்தி அந்தக் கேள்விக்கு விடையாக இருந்தால் அவர் இருக்கிறார். வேறொன்றுக்கு விடையாக இருந்தால் போய்விடுகிறார்.

கதையாக இருப்பதனால் இவ்வாறு எழுத முடிந்தது, அறிவியல் போன்ற செய்திகளுக்கு இது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். இதற்கு இலண்டன் மாநகரிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். அங்குள்ள இராயல் நிறுவனத்தில் 1825 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்களுக்கு அறிவியற் சொற்பொழிவுகள் நடந்துவருகின்றன. மின்னியலில் பெரும் கண்டுபிடிப்புகள் செய்த மைக்கேல் பாரடே 1860-ஆம் ஆண்டு இறுதியில் அங்கே தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. ஆறு சொற்பொழிவுகளும் அதைப் பற்றியவையே. அவை 1861-இல் நூலாக வந்தன.

மெழுகுவத்தி எரியும்போது அதன் தலையில் ஒரு சிறு கிண்ணம் உண்டாகி, உருகிய மெழுகு அதில் தேங்கி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் ஏன் உருகவில்லை என்று பாரடே ஆராய்கிறார். சுடரின் வெப்பத்தால் காற்று மேலே எழுகிறது. அதனால் பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்று வந்து மெழுகின் வெளிப்புறத்தைத் தடவிச் செல்கிறது. நடுப்பகுதி உருக, விளிம்பு குளிர்ந்தே நிற்கிறது. கிண்ணத்தில் உள்ள மெழுகு சுடருக்கு எப்படி ஏறுகிறது என்பது அடுத்த கேள்வி. திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக ஏறுகிறது. ஏறியது என்ன ஆகிறது? ஆவியாகி எரிகிறது. எரிந்தபின் என்ன மிஞ்சுகிறது? நீரும் கரியமில வாயுவும். இப்படியே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய் ஆறாவது சொற்பொழிவில் மனிதருடைய மூச்சுக்கு வந்து சேர்கிறார். நாம் உண்ணும் உணவிலுள்ள கரியும் மூச்சுக்காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகிறது. சுடர் எரிவதும் நாம் உயிர்ப்பதும் ஒருவகையில் ஒன்றே என்று காட்டுகிறார். மெழுகுவத்தியில் தொடங்கியவர் கேட்பவரின் மார்புக்கூட்டில் முடிக்கிறார். இடையில் ஒரு படியும் தவறவில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்க்கு இது புதியதன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும், எளியதிலிருந்து அரியதற்கும், கண்ணால் காண்பதிலிருந்து கருத்தால் உணர்வதற்கும் செல்க என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பு எழுதும்போது ‘ஆயத்தம்’ என்று ஒரு பகுதி உண்டு. மாணவன் ஏற்கெனவே அறிந்தது யாது என்று அதில் எழுதியாக வேண்டும். கட்டுரை எழுத உட்காருபவரும் தாளின் மேல் அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். படிப்பவர் அறிந்த மெழுகுவத்தி எது என்று தேடிக் கண்டுபிடிப்பதே ஆயத்தம்.

ஐயரவர்களும் பாரடேயும் பேரறிஞர்கள். நம் போன்றோர்க்கு இது கைவருமா என்றால், வரும். நான் கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் தலைமையாசிரியராக இருந்தபோது பள்ளியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாற்பது பக்க அளவில் மாணவர்களே எழுதிப் படம் வரைந்து கட்டுவார்கள். அது நூலக மேசைமேல் கிடக்கும். எந்தக் கட்டுரை படிக்கப்பட்டது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்துப் பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தால் போதும். படிக்கப்பட்ட பக்கத்தின் ஓரம் விரல்பட்டு அழுக்கேறியிருக்கும். ‘காலத்தின் அருமை’ எழுதிய பக்கம் கட்டியபடியே வெள்ளையாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் உப்பைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். அவன் தந்தையார் உப்பளத் தொழிலாளி. உப்பு மனித வாழ்வுக்கு இன்றியமையாதது என்று கட்டுரை தொடங்கியது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியில் முடிந்தது. தந்தையாரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவனை அருகில் உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்டேன்.

“அப்பா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார், தம்பி?”

“விடியக்காலம் மூன்று மணிக்கு, ஐயா.”

“ஏன் அத்தனை இருட்டில்?”

“வெயில் ஏறிவிட்டால் பாத்தியைப் பார்க்க முடியாது, ஐயா. எல்லாம் வெள்ளையாக இருக்கும். கண் எரியும்.”

பாத்திக்குள் எப்படி நடப்பார், உப்பை எதனால் வாருவார், திடீரென்று மழை வந்தால் என்ன ஆகும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். மழை வந்தால் விளைந்த உப்பு கரைந்து போகும் என்றும், ஊரெல்லாம் மழைக்காக வேண்டும்போது தன் வீட்டில் மட்டும் வானத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்றும் சொன்னான். “இதையெல்லாம் எழுதலாமா, ஐயா?” என்று கேட்டான். இதை மட்டும் எழுது என்றேன். எழுதினான். அந்தப் பக்கத்தின் ஓரம் பழுப்பேறிப் போயிற்று. மற்ற வகுப்புப் பிள்ளைகள் அவனைத் தேடிவந்து, உப்பு எத்தனை நாளில் விளையும், காலில் புண் வந்தால் உப்பு பட்டு எரியாதா என்று கேட்டார்கள். அடுத்த இதழுக்கு அந்தக் கேள்விகளே அவனுக்குப் பொருளாயின.

அந்தப் பையனுக்கு மொழி நடையைப் பற்றி நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனக்கு மட்டுமே தெரிந்தது எது என்பதை அவன் அறியச் செய்தேன், அவ்வளவே. எழுதுவதற்கு உரிய பொருள் அதுதான். உலகம் முழுவதற்கும் தெரிந்த உண்மையை உலகத்துக்குச் சொல்வதில் படிப்பவர்க்கு என்ன ஆதாயம்?

வந்தவரை ஓட்டிவிடும் குற்றங்கள் சில உண்டு. இவற்றைப் பற்றி நம் முன்னோர் வியக்கத்தக்க அளவு சிந்தித்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், வேண்டிய அழகுகள் பத்தும் எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. பத்துக் குற்றங்களுள் மூன்று இன்றைய கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. முன்னே சொன்ன கிணறு வெட்டும் பெரியவர் கொண்டுவந்த கட்டுரையை வைத்தே அவற்றை விளக்குகிறேன். அவரும் இதற்கு இசைந்திருக்கிறார்.

முதற்குற்றம் மிகைபடக் கூறல். தண்ணீரின் பெருமையை அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஒரு வரியில் முடியக்கூடியது அது. அந்த ஒரு வரியும் தேவையில்லை. இரண்டாவது மற்றொன்று விரித்தல். பாறை குறுக்கிட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அந்தக் கிணற்றின் உரிமையாளர்க்கும் அவர் தம்பிக்கும் இருந்த வழக்கைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். வழக்கு சுவையானதே, ஆனால் படிப்பவர் பாறை என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். மூன்றாவது சென்று தேய்ந்திறுதல். தொடக்கத்தில் பெரிதாக ஓடிவரும் கட்டுரை, போகப் போக மெலிந்து, ஆகவே நாம் அனைவரும் நீரைச் சேமிப்போமாக என்று மணலில் மறையும் ஆறுபோல முடிந்துவிடுகிறது.

அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஆறே வரிகளில் ஒரு செய்தி ஒளிந்திருந்தது. பல மாதம் மூடிக்கிடந்த கிணற்றைத் தூர்வாரத் தம் ஊரில் ஒருவர் இறங்கினார், இறங்கியவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க ஒருவர் இறங்கினார், அவரும் விழுந்தார், மூன்றாவதாக இறங்க முனைந்தவரை இந்தப் பெரியவர் கட்டிப் பிடித்து நிறுத்தினார். மூடிய ஆழத்தில் உயிர்க்காற்றுக் குறைந்தும் கரியமில வாயு நிறைந்தும் இருக்கும் என்பதையும், காப்பாற்ற இறங்குகிறவரே அடுத்துச் சாகிறார் என்பதையும் அவர் கண்ணால் கண்டு அறிந்தவர். அக்காலத்தில் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்களாம். சுடர் அணைந்தால் இறங்க மாட்டார்களாம். பாரடேயின் மெழுகுவத்தி சொன்ன பாடமே அது. ஆனால் நச்சு வாயுக்கள் எல்லாவற்றையும் விளக்கு காட்டிவிடாது. எரியக்கூடிய வாயு இருந்தால் விளக்கே ஆபத்தாகும். ஆகையால் இந்நாளில் அளவுகருவி இன்றியும் உரிய பாதுகாப்பு இன்றியும் யாரும் இறங்கலாகாது. மயங்கியவரைக் கண்டால் தீயணைப்புத் துறையினரை அழைக்க வேண்டும்.

இப்பொழுது சொல்லுங்கள்: அந்த ஆறு வரிகள் இருக்க வேண்டிய இடம் எது? தண்ணீரின் பெருமையைத் தாண்டி, வழக்கைத் தாண்டி எத்தனை பேர் அந்தப் பக்கத்துக்கு வந்திருப்பார்கள்? அதைக் கட்டுரையின் தலைக்குக் கொண்டு வரும்படி சொன்னேன். ‘கிணற்றில் இறங்குமுன்’ என்று பெயரிட்டோம். முதற்பத்தியில் மூன்று மனிதர்கள், அடுத்ததில் அவர்கள் விழுந்த காரணம், அதற்கடுத்ததில் செய்யவேண்டியது. பதினோரு பக்கம் மூன்று பக்கமாயிற்று. எழுத்து படிக்கப்படுவது எழுதுபவரின் புகழுக்காக மட்டும் என்று நினைப்போர்க்கு இதைச் சொல்வேன். படிக்கப்படாத கட்டுரையால் ஓர் உயிர் போகவும் கூடும்.

ஒரு கட்டுரையைப் படித்தவர் மறுமுறையும் நம்மைத் தேடிவரச் செய்வது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். 1711-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் இலண்டனில் ஜோசப் அடிசன், ரிச்சர்டு ஸ்டீல் என்னும் இரு நண்பர்கள் ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற தாளைத் தொடங்கினார்கள். ஞாயிறு தவிர நாள்தோறும் ஒரே ஒரு தாள். பெரும்பாலும் ஒரே ஒரு கட்டுரை. 1712 டிசம்பர் வரையில் 555 இதழ்கள் வந்தன. நாளொன்றுக்கு மூவாயிரம் படிகள் போவதாகவும், ஒரு படியை இருபது பேர் படிப்பதாகக் கொள்ளலாம் என்றும் பத்தாம் இதழில் அடிசன் கணக்கிடுகிறார். காப்பிக் கடையில் ஒருவர் படித்துவிட்டு வைத்ததை அடுத்தவர் எடுத்துப் படித்த காலம் அது. 1712 ஆகஸ்டில் அரசாங்கம் செய்தித் தாள்களுக்கு முத்திரை வரி விதித்தது. பல தாள்கள் நின்றன. ஸ்பெக்டேட்டர் ஒரு பென்னியாக இருந்த விலையை இரண்டாக்கி, மேலும் நான்கு மாதம் நடந்தது.

இவர்கள் வாசகரைத் திரும்பத் திரும்ப வரச்செய்ததற்கு இரண்டு காரணங்கள் எனக்குப் புலப்படுகின்றன. ஒன்று, நேரம் தவறாமை. நாள்தோறும் காலையில் தாள் மேசைமேல் இருக்கும். மற்றொன்று, வாசகர் கடிதங்களை அவர்கள் மதித்த விதம். ஸ்பெக்டேட்டரில் எத்தனையோ இதழ்கள் வாசகர் கடிதங்களால் ஆனவை. 1713-இல் இதே நண்பர்கள் ‘கார்டியன்’ என்னும் தாளை நடத்தியபோது, பட்டன் என்பவருடைய காப்பிக் கடையில் சிங்கத் தலை வடிவில் ஓர் அஞ்சற்பெட்டி வைத்தார்கள். வாசகர்கள் தம் கடிதங்களைச் சிங்கத்தின் வாயில் போட்டுச் செல்வார்கள். உப்பளத்துப் பையனைத் தேடிவந்து கேள்வி கேட்ட பிள்ளைகளை இங்கே நினைவுகூருங்கள். படித்தவர் கேட்கும் கேள்வியே அடுத்த கட்டுரைக்குரிய பொருள் என்பதை இலண்டன் ஆசிரியர்களும் அறிந்திருந்தார்கள்.

இந்நாளில் இன்னொரு வழியும் பரவியிருக்கிறது. நாட்டையே அதிரவைத்த செய்தி என்று தலைப்பிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் விடுவது. கூட்டம் வருகிறது, உண்மைதான். சந்தையில் மாம்பழம் என்று கூவி விற்பவன் கூடையில் மாங்கொட்டையை வைத்திருந்தாலும் முதல்நாள் கூட்டம் வரும். இதனால் கெடுவது அவன் வாணிகம் மட்டுமாக இருந்தால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஏமாந்தவர்கள் அடுத்த கடைக்காரர் கூவும்போதும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மெய்யாகவே உயிர்காக்கும் செய்தியோடு வரும் கிணற்றுக்காரரின் தலைப்பையும் பொய்யென்று தள்ளிவிடுவார்கள். ஆகவே தலைப்பில் ஒரு சொல்லை எழுதுமுன், அந்தச் சொல்லுக்குரிய பொருள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எழுதுவோர் அனைவருக்கும் உரிய கடமையாகும்.

எழுத விரும்பும் நேயர்கள் பின்பற்றத்தக்க முறை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தொழிலிலோ வீட்டிலோ ஊரிலோ, உங்களுக்குத் தெரிந்து அண்டை வீட்டார்க்குத் தெரியாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் பொருள் இன்னும் தெளியவில்லை என்பது பொருள். பிறகு, அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரை, பத்து வயதுப் பேரப்பிள்ளையாக இருந்தாலும் சரி, எதிரில் உட்காரவைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள். அவர் எந்தெந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேட்கிறாரோ அந்தக் கேள்விகளை வரிசை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையே உங்கள் கட்டுரையின் வரிசை. தொழிற்சொல் ஒன்று வந்தால் அந்த இடத்திலேயே அதற்கு விளக்கம் கொடுங்கள். எழுதி முடித்ததும் ஓரிரவு வைத்திருந்து மறுநாள் உரக்கப் படியுங்கள். உங்களுக்கே மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். தலைப்பைக் கடைசியில் இடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்பொழுதுதான் உங்களுக்கே தெரியும்.

கிணற்றுக்காரர் தம் கட்டுரையின் படிகளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார். படித்தவர்கள், மழைநீர்த் தொட்டிக்குள் இறங்குவதற்கும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவதற்கும் இதே ஆபத்து உண்டா என்று அவரைக் கேட்கிறார்களாம். உண்டு என்று அவர் இரண்டாவது கட்டுரையைத் தொடங்கியிருக்கிறார். தண்ணீரின் பெருமை அதில் இல்லை.